மனை எண் நாற்பத்தொன்று

எங்கள் பக்கத்தில் மரியாதையோடு நடத்தப்படுகிற பறவை காக்கை ஒன்றுதான். அதுவும் சனிக்கிழமை மட்டும். சனிக்கிழமை காலையில் எள்ளுச்சோற்றை மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டு 'கா கா' என்று கெஞ்சுகிற அதே ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை வடாம் காயப்போட்டால் அதே காக்கையைக் கல்லால் அடிக்கிறார்கள். மற்ற பறவைகளைத் தின்னக்கூடியவை, தின்ன முடியாதவை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கொஞ்ச வருஷமாக மூன்றாவதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக்கூடியவை. இந்த மூன்றாவது வகையைக் கண்டுபிடித்த பெரிய மனிதர்களோடு எனக்கு ஏற்பட்ட பழக்கத்தைத்தான் எழுதப்போகிறேன். அவர்களைத் திட்டுவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

எனக்கு ஐம்பத்துநான்கு வயது. வீடு கோட்டுச்சேரியில், வேலை காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில். மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வந்தது. தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே நடக்கிறவர்களைவிட நடந்த தூரத்தை அடுத்தவரிடம் சொல்லிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நின்று பத்து நிமிஷம் மருமகளைப் பற்றிப் பேசுவது, பிறகு கையை இரண்டு வீசு வீசுவது, போகிற வழியில் வடை. சகிக்கவில்லை. அதனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்கால் கரையிலேயே நடக்க ஆரம்பித்தேன். அங்கே பேச ஆளில்லாததால் கண் தானாகப் பறவைகள் பக்கம் போயிற்று. பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் ஒரு பைனாகுலர் வாங்கிக் கூரியரில் அனுப்பினாள். அதிலிருந்து வந்தது வினை.

ஊரில் முதலில் நான் நிலம் அளக்கிறேன் என்று நினைத்தார்கள். "மேடம், இந்தப் பக்கம் ரோடு வருதா?" என்று கேட்டவர்கள் நாலைந்து பேர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விடிகாலையில் வாய்க்கால் ஓரம் ஒதுங்குகிற ஒரு பெரிய மனிதர், வீட்டில் ஒன்றுக்கு இரண்டு கழிப்பறை கட்டி வைத்திருப்பவர், என் கணவரிடம் வந்து புகார் சொன்னார்.

"உங்க வீட்டம்மா பைனாகுலர் வச்சுகிட்டு அந்தப் பக்கமே பாக்கறாங்க. நாங்க எப்புடிங்க போயி உக்கார்றது?"

என் கணவர் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே கேட்டார். "அவங்க குருவி பாக்கறாங்க. நீங்க குருவியா?"

இட்லித் தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அதையும் விளக்கிவிடுகிறேன். என் கணவர் ஒரு மில்லில் வேலை பார்த்தார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் மில்லை மூடினார்கள். அதன்பிறகு இரண்டு இடத்தில் முயன்று பார்த்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். சமையலறை அவருடையது. மகளுக்குத் தலை பின்னிவிட்டது, டிபன் கட்டியது, காய்ச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் அவர்தான். நான் எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊர் சும்மா இருக்குமா? பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து தின்கிறவன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஒரு சண்டையில் நானும் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான், ஆனால் சொன்னேன்.

வாய்க்கால் கரையின் முடிவில் ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. நல்ல இருபோக நிலமாக இருந்ததை ஒருவர் வாங்கி, மண் அடித்து, வாய்க்காலை மூடி, சிமெண்டில் பெரிய வளைவு கட்டி, 'நகர்' என்று பெயர் எழுதினார். மஞ்சள் சாயம் அடித்த கல் நட்டு ஒவ்வொன்றிலும் எண் போட்டார்கள். தண்ணீர் போகிற வழியை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்க அவர்களில் ஒருவருக்கும் நேரமில்லை. முதல் மழையிலேயே நகர் குளமாயிற்று. மனை வாங்கியவர்கள் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கோரை முளைத்தது. இப்போது அங்கே குடியிருப்பவை தவளையும் பாம்பும் காலி பாட்டிலும்தான். பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு எல்லை தாண்டி எங்கள் ஊருக்குக் குடிக்க வருகிறவர்களுக்கு உட்கார நிழல் வேண்டும், அந்த வளைவு நல்ல நிழல் தரும்.

போன ஆவணியில் ஒரு காலை, அந்தக் கோரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் வருகிற சத்தம். ஊ... ஊ... ஊ என்று விட்டுவிட்டு. எவனோ ராத்திரி குடித்தவன் விடிந்தும் தெளியாமல் பாட்டிலை ஊதிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து, வாயில் நல்ல வசவோடு பைனாகுலரைத் திருப்பினேன். கோரை விளிம்பில் ஒரு பறவை நின்றது. காடையைவிடப் பெரிது, நீண்ட மூக்கு, கழுத்து முழுக்கக் கருஞ்சிவப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை மை தீட்டிய மாதிரி ஒரு கோடு. மயில் உள்ளான். புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், நேரில் அன்றுதான்.

மயில் உள்ளானில் அழகெல்லாம் பெண்ணுக்கு. கூப்பிடுவது பெண். துணை தேடி அலைவது பெண். முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடுவாள். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆணின் வேலை. அவன் மங்கலாக, சாம்பலும் பழுப்புமாக, காய்ந்த கோரையோடு கோரையாக இருப்பான். இதை வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர் காபியை ஆற்றிக்கொண்டே, "பரவால்ல, நமக்கும் ஜோடி இருக்கு" என்றார். அவ்வளவுதான் அவருக்குப் பறவையில் இருக்கிற ஆர்வம். ஆனால் தினமும் நான் திரும்பி வந்ததும், "இன்னைக்கு என்ன செஞ்சுச்சு?" என்று கேட்பார். நானும் ஒன்று விடாமல் சொல்வேன்.

கூடு நாற்பத்தொன்றாம் மனையில் இருந்தது. நாற்பத்தொன்று என்று எழுதிய கல்லுக்கு இரண்டு முழம் தள்ளி, கோரை வளைந்து கூரை மாதிரி மூடிக்கொண்ட இடத்தில், தண்ணீருக்கு நாலு விரல் மேலே. முதல்முறை தெரியாமல் கிட்டே போய்விட்டேன். ஆண் ஓடவில்லை. இரண்டு சிறகையும் முன்னால் விரித்து, அதிலிருக்கிற புள்ளியெல்லாம் தெரிய, பாம்பு மாதிரி சீறினான். அத்தனூண்டு உடம்பு, நான் இரண்டடி பின்வாங்கிவிட்டேன். கீழே நாலு முட்டை, மஞ்சளில் கறுப்புத் திட்டு. அதற்கப்புறம் கிட்டே போகவே இல்லை. தார் போடாத மனைச் சாலையில் ஒரே இடம், ஒரே தூரம், அதே நீலக் குடை. ஐம்பது எண்ணுகிற நேரம் நிற்பேன், போய்விடுவேன். நாலைந்து நாளில் அவன் என்னைக் கண்டால் தலையைக்கூடத் திருப்புவதில்லை. பத்தொன்பது நாள் ஆகும் குஞ்சு பொரிக்க. நாட்காட்டியில் நான் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன்.

அங்கே ஆடு மேய்க்க வருகிற ஒரு பெண்மணிக்கு மட்டும் என்மேல் சந்தேகம்.

"தெனம் வந்து கோரையவே பாத்துகிட்டு நிக்கிறீங்களேம்மா, மனை வாங்கப் போறீங்களா? வாங்கிறாதீங்க. ஆடுகூட நிக்காது இதுல."

கூட்டைப் பற்றி நான் அவளிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில் தவிர. ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

இனி அந்தக் குழு. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவர், நான் பறவை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் என்னைக் கேட்காமலேயே ஒரு பறவை ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். தலைவர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு முழ நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பார். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக ராணுவ உடுப்பு, பறவையின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கவாம். தலையில் குழுவின் பெயர் அச்சடித்த பளீரென்ற ஆரஞ்சுத் தொப்பி. இந்தக் கோலத்தில் ஆளே தெரியாமல் மறைந்து நிற்பதாக நம்பிக்கொண்டிருந்தவர்கள் பதினைந்து பேர்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு போனேன், அரசலாற்று முகத்துவாரத்துக்கு. ஏழு மணி என்றார்கள், எட்டரைக்குக் காரில் வந்து இறங்கினார்கள். முதலில் பேனர் கட்டினார்கள். பேனருக்கு முன்னால் நின்று படம். பிறகு தலைவர் மட்டும் தனியாகப் படம். இறால்கொத்தியும் கடற்காகமும் இருந்தன, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "பூநாரை வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். வரவில்லை என்றதும் பொங்கல் பாத்திரத்தைத் திறந்தார்கள். நுணுக்கமான கவனிப்பு என்று ஒன்று அன்றைக்கு நடந்தது உண்டென்றால் அது பொங்கலில் முந்திரி எத்தனை என்பதில்தான். அதோடு போவதை நிறுத்திக்கொண்டேன். குழுவை விட்டு மட்டும் விலகவில்லை. அவர்கள் போடுகிற படங்களில் தப்புக் கண்டுபிடிப்பது எனக்குக் காபி மாதிரி ஆகிவிட்டிருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அடைகாப்பின் பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்தேன். தலைவர் சுரக்குடிப் பக்கம் வயலில் எடுத்த ஒரு மயில் உள்ளான் படம் போட்டிருந்தார். பளிச்சென்ற பெண். கீழே எழுதியிருந்தார்: 'மயில் உள்ளான், ஆண். கம்பீரத்தைப் பாருங்கள்.' கைதட்டல் முப்பது.

சும்மா இருந்திருக்கலாம். 'ஐயா, இது பெண்' என்று எழுதினேன்.

'மேடம், பறவைகளில் ஆண்தான் அழகு. மயிலைப் பாருங்கள், கோழியைப் பாருங்கள்' என்று பதில் வந்தது. புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. சாப்பாட்டு மேஜையில் எல்லார் எதிரிலும் அதைப் போட்டுக் கேட்டேன், அது என் முட்டாள்தனம்.

"மேடம், புத்தகம் படிச்சு சொல்றது வேற, ஃபீல்டுல பாத்து சொல்றது வேற. நான் பதினஞ்சு வருசமா சுத்தறேன். நீங்க ஒரு தடவையாவது இத நேர்ல பாத்திருக்கீங்களா? பாத்தா படம் எங்க? படம் இல்லன்னா ரெக்கார்டு இல்லீங்க." பிறகு ஒரு சிரிப்பு. "ஆம்பள வீட்டுல குந்தி அடைகாக்கறதும் பொம்பள வெளில சுத்தறதும் சில வீட்டு வழக்கம். அத பாவம் பறவை மேல ஏத்தாதீங்க."

அதற்குக் கீழே சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக விழுந்தன. அதில் ஒன்று எனக்கு எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்த, என்னைக் குழுவில் சேர்த்துவிட்ட ஆளுடையது. போட்டுவிட்டு டப்பாவுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பதினாறு வருஷமாகக் கேட்ட வார்த்தைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றன. கையில் ஒட்டியிருந்த சோற்றைக்கூடக் கழுவாமல் இடது கையால் எழுதினேன். 'கோட்டுச்சேரி மனைப்பிரிவு, மனை எண் நாற்பத்தொன்று. கல்லிலிருந்து இரண்டு முழம் கிழக்கே. நாலு முட்டை. பன்னிரண்டு நாளாக அடைகாப்பது ஆண். தினமும் நான் பார்க்கிறேன். உங்கள் பதினைந்து வருஷத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பாருங்கள்.'

அனுப்பிய அடுத்த நொடியே தெரிந்துவிட்டது, என்ன செய்தேன் என்று. எல்லாருக்கும் அழித்துவிடுகிற வசதி அந்தப் போனிலேயே இருக்கிறது. விரலை அதன்மேல் வைத்தேன். அழித்தால் பொய் சொன்னேன் என்பார்கள். வாய்விட்டுச் சிரிப்பார்கள். விரலை எடுத்துவிட்டேன். பிறகு மனசாட்சிக்கு ஒரு வரி போட்டேன்: 'கூட்டமாகப் போக வேண்டாம், சாலையில் நின்று பார்த்தால் போதும்.' அதற்கு ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கடமை முடிந்தது என்று கை கழுவப் போனேன்.

சனிக்கிழமை காலையில் போனபோது அவன் இருந்தான். கோரைக்குள் மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தது. நான் ஐம்பது எண்ணிவிட்டுத் திரும்பினேன். அன்று மாலை குழுவில் அறிவிப்பு வந்தது. ஞாயிறு காலை ஆறரை, அனைவரும் வருக, காலை உணவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை விழிதியூரில் எங்களுக்கு ஒரு சொந்தக்காரக் கல்யாணம். போய்த்தான் ஆகவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைக்குப் போய் அவர்களைத் தடுத்து நிறுத்துவதைவிடப் பட்டுப்புடவை கட்டுவது சுலபமாக இருந்தது. இந்த விஷயத்தை மட்டும் கணவரிடம் நான் சொல்லவில்லை.

தாலி கட்டி முடிந்து, பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். போன் அடுத்தடுத்து அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். தலைவர் படம் போட்டிருந்தார். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், அப்படி ஒரு படத்தை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணில் வெளிச்சப்புள்ளி. வயிற்றுக்கடியில் முட்டையின் விளிம்பு. கீழே எழுதியிருந்தார்: 'அடைகாக்கும் ஆண் மயில் உள்ளான். நம் பகுதியில் எடுக்கப்பட்ட முதல் படம். தகவல் தந்த மேடத்துக்கு நன்றி.' ஆண் என்று எழுதியிருந்தார். நேற்று முன்தினம் வரை இயற்கைக்கே விதி போட்டவர், தன் படம் என்றதும் விதியை மாற்றிக்கொண்டார். எனக்கு வாழ்த்து மேல் வாழ்த்து. 'மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.' 'மேடம் கிரேட்.' தயிர்சாதக்காரர்கூட இரண்டு கைதட்டல் போட்டார்.

எனக்கு ஜிவ்வென்று இருந்தது. மறைக்கவில்லை. இரண்டு கையும் கூப்பிய கும்பிடு ஒன்றைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து இலையில் இருந்த கணவரிடம் போனை நீட்டினேன். "பாருங்க. ஒத்துகிட்டாங்க."

அவர் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு. கோரை எங்க?"

"என்ன?"

"நீதானே சொன்ன, கூரை மாரி மூடிகிட்டு இருக்கும், மூக்குதான் தெரியும்னு. இங்க முழுசா தெரியுதே. அந்தக் கோரையெல்லாம் எங்க போச்சு?"

பறவையைப் பற்றி அறவே அக்கறை இல்லாத மனிதர். நானும், பதினைந்து ஆரஞ்சுத் தொப்பிகளும், கைதட்டிய ஊரும் பார்த்த அதே படத்தைத்தான் பார்த்தார்.

சாம்பார் ஊற்ற வந்தவரைக் கையசைத்து அனுப்பிவிட்டு எழுந்தேன். இலையைப் பாதியில் விட்டு எழுந்ததற்கு அந்தச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். அவர் வண்டியை எடுத்தார். வெள்ளிக்கிழமை நடந்ததை வழியில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

வளைவுக்குக் கீழே பேனர் கட்டிய கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. மனைச் சாலை முழுக்கக் காகிதத் தட்டு. தட்டு ஒவ்வொன்றிலும் மிச்சப் பொங்கல். பொங்கலுக்குக் காக்கை வந்திருந்தது, ஒன்றிரண்டல்ல, முப்பது நாற்பது. நாற்பத்தொன்றாம் கல்லைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் கோரை இல்லை. ஆடு தின்றால் ஒழுங்கில்லாமல் இருக்கும். இது ஒரே மட்டமாக, கத்தரிக்கோல் வைத்து நறுக்கியிருந்தது. வெயில் நேராகக் கூட்டில் விழுந்தது. கூட்டில் ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. ஒரு முட்டை மட்டும் தண்ணீரில் பாதி முங்கிக்கிடந்தது, அதிலும் ஓட்டை.

ஆட்டுக்காரப் பெண்மணி வளைவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் பட்டுப்புடவையையும் தலைப்பூவையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"மறைக்குதுன்னு வெட்டுனாங்கம்மா. படத்துல விழுவுதாம். அது செறக விரிச்சு விரிச்சு சீறுது, அதையும் படம் எடுக்கறாங்க. இன்னொரு தடவ சீறட்டும்னு குச்சிய வச்சு ஆட்டுனாரு ஒருத்தரு. பொறவு அது எந்திரிச்சு போயிடுச்சு. இவங்க குந்தி தின்னாங்க. காக்கா வந்துச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லலயா?" என்று கேட்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள் எனக்கு.

"சொன்னேம்மா. ஆட்ட ஓட்டிகிட்டு அந்தப் பக்கமே போவமாட்டேன் நானு, முட்ட கெடக்குன்னு. ஏன் வெட்டுறீங்கன்னு கேட்டேன். கோட்டுச்சேரி மேடம்தான் எடம் சொல்லி அனுப்புனாங்கன்னாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் தான் சொல்லவில்லை என்பதில் பெருமை எதுவும் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். குனிந்து அந்த ஒற்றை முட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தார்.

"இன்னும் எத்தன நாளு இருந்துச்சு?"

"அஞ்சு நாளு."

அப்போதுதான் சொன்னேன். குரல் பதிவு, சிரிப்பு, சில வீட்டு வழக்கம், சோற்றுக் கையோடு எழுதியது எல்லாம். உங்களைச் சொன்னதால்தான் என்று முடித்தேன். அதைச் சொன்னால் அவர் முகம் மாறும், என் பக்கம் சேர்ந்து நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "என்னைய சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. பதினாறு வருசமா சொல்றாங்க, எனக்கு என்ன தேஞ்சா போச்சு? அது பாட்டுக்கு உக்காந்திருந்துச்சு. எனக்காகன்னு இத சொல்லாத. நான் கேக்கல."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் தலைவருக்குப் போன் செய்தேன். கூடு போய்விட்டது, முட்டையைக் காக்கை தின்றுவிட்டது என்றேன்.

"அடடா" என்றார். "அதான் நேச்சருங்க மேடம். அதுல நாம தலையிடக்கூடாது."

கோரையை வெட்டியது யார் என்று கேட்டேன். லேசாகத்தான் ஒதுக்கினோம் என்றார். குச்சியைப் பற்றிக் கேட்டேன். இளைஞர்கள் ஆர்வத்தில் செய்திருப்பார்கள் என்றார். அந்தக் குழுவில் ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. வங்கியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர், பொறுமையாகச் சொன்னார். "எங்களுக்கு எப்புடிங்க தெரியும் அங்க கூடு இருக்குன்னு? நீங்கதானே கல்லு நம்பரோட சொன்னீங்க." பிறகு, "வேற கூடு எதாச்சும் தெரிஞ்சா குழுவுல போடாதீங்க, எனக்கு மட்டும் தனியா சொல்லுங்க. கூட்டம் கூடிருது" என்றார்.

அவரைத் திட்ட என்னிடம் நிறைய வார்த்தை இருந்தது. ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. எடுக்கப் போனதெல்லாம் என் கையையே கிழித்தது. போனை வைத்துவிட்டேன். குழுவை விட்டு அன்றே விலகினேன். நான் அனுப்பிய கும்பிடு அந்தப் படத்துக்குக் கீழே இன்னும் இருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை. போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கால் தானாகப் போயிற்று. காக்கைகள் போய்விட்டிருந்தன, பொங்கல் தீர்ந்துவிட்டதல்லவா. மனைச் சாலையில் வழக்கமான இடத்தில், வழக்கமான தூரத்தில், நீலக் குடையோடு நின்றேன். அவன் இருந்தான். வெட்டிப்போட்ட கோரைக்கு நடுவே, நாற்பத்தொன்றாம் கல்லைச் சுற்றி, வெட்டவெளியில் நடந்துகொண்டிருந்தான். இரண்டடி போவான், நிற்பான், குனிந்து வெறும் கூட்டைப் பார்ப்பான், மறுபடி சுற்றி வருவான்.

நான் எண்ணத் தொடங்கினேன். மூன்று எண்ணுவதற்குள் தலையைத் திருப்பினான். இத்தனை நாள் என்னை ஒரு மரம் மாதிரி விட்டுவைத்த பறவை, சீறக்கூட இல்லை. கால் இரண்டும் தொங்க எழும்பி, மனைப்பிரிவின் கடைசிக் கல்லையும் தாண்டிப் போய் இறங்கினான். பதினைந்து வருஷ அனுபவக்காரர்களுக்கெல்லாம் வராத காரியம் அவனுக்கு வந்துவிட்டது. நான் எந்த இனம் என்று ஒரே பார்வையில் சரியாகக் கண்டுகொண்டான்.